ஒரு மாத்திரைக்கு 39 லட்சம் லிட்டர் தண்ணீர்: ஆன்டிபயாடிக் மாசு எப்படி வேலை செய்கிறது

சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கினால், அதில் ஏறக்குறைய பாதி எந்த மாற்றமும் இல்லாமல் சிறுநீரிலும் மலத்திலும் வெளியே வந்துவிடும். 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்த மருந்து தண்ணீரில் லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமைத் தாண்டினால், அதற்கு அடங்காத பாக்டீரியாக்களின் கை ஓங்கக்கூடும் என்று 2016இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 111 ஆன்டிபயாடிக்குகளுக்கு இப்படி வரம்பு குறித்த பட்டியல் அது. மருந்தைப் பொறுத்து வரம்பு லிட்டருக்கு 8 நானோகிராமிலிருந்து 64 மைக்ரோகிராம் வரை போகிறது. இனி வகுத்துப் பாருங்கள். ஒரு மாத்திரையின் கழிவை அந்த வரம்புக்குள் கொண்டுவர 39 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். தினம் இரண்டு வீதம் ஏழு நாள் சாப்பிட்டால் ஐந்தரைக் கோடி லிட்டர்.

சாக்கடையில் விழுந்த மருந்து முழுவதும் ஆற்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பகுதி கசடில் ஒட்டிக்கொள்ளும், ஒரு பகுதி சிதையும். ஆகவே இது மேல்வரம்புக் கணக்கு. ஆனாலும் ‘ஆற்றில் கலந்தால் கரைந்து போய்விடும்’ என்ற பழைய நம்பிக்கை இங்கே ஏன் செல்லாது என்பதை இந்த ஒரு வகுத்தலே காட்டிவிடுகிறது.

கொல்லாத அளவு செய்யும் வேலை

மருத்துவமனை ஆய்வகத்தில் ஒரு மருந்தின் வலிமையை அளப்பது எளிது. பாக்டீரியா வளர்வதை முற்றிலும் நிறுத்த எவ்வளவு மருந்து தேவை என்று பார்ப்பார்கள். அதுதான் குறைந்தபட்சத் தடுப்பு அளவு. குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் சாதாரண ரகத்துக்கு சிப்ரோஃப்ளாக்சசினின் தடுப்பு அளவு லிட்டருக்குச் சுமார் 23 மைக்ரோகிராம். அதற்குக் கீழே இருந்தால் மருந்தால் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது, எனவே எதிர்ப்புத்திறனும், அதாவது மருந்துக்கு அடங்காத தன்மையும், வளராது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள்.

2011இல் சுவீடனின் உப்சாலா ஆய்வுக்குழு இந்த எண்ணத்தை உடைத்தது. மருந்துக்கு அடங்கும் ஈ.கோலையையும் அடங்காத ஈ.கோலையையும் ஒரே குடுவையில் கலந்து, மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போய், எது முந்துகிறது என்று பார்த்தார்கள். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் சிப்ரோஃப்ளாக்சசினிலேயே அடங்காத ரகம் முந்தத் தொடங்கியது. தடுப்பு அளவில் அது 230இல் ஒரு பங்கு. டெட்ராசைக்ளினில் அந்த எல்லை லிட்டருக்கு 15 மைக்ரோகிராம்.

காரணம் எளிது. எதிர்ப்புத்திறனை வைத்திருப்பது பாக்டீரியாவுக்கு ஒரு சுமை. கூடுதல் புரதம் செய்ய வேண்டும், மருந்தை வெளியே தள்ளும் பம்புகளை ஓட்ட வேண்டும். மருந்தே இல்லாத தண்ணீரில் சுமையற்ற ரகம்தான் வேகமாகப் பெருகும். மிகச் சிறிதளவு மருந்து வந்தால் சுமையற்றதன் வேகம் கொஞ்சம் மட்டுப்படும். அது சாகாது, நோய்வாய்ப்பட்டது போலக்கூடத் தெரியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சதவீதம் பின்தங்கினால் போதும். 500 தலைமுறையில் அடங்காத ரகத்தின் பங்கு அடங்கும் ரகத்தோடு ஒப்பிட 145 மடங்கு கூடிவிடும். நாளுக்கு ஒரு தலைமுறை என்று மந்தமாகக் கணக்கிட்டாலும் அது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. ஆற்றுப் படுகையில் தேங்கிய வண்டலுக்கு ஒன்றரை ஆண்டு பெரிய காலமில்லை.

இன்னொரு மோசமான அம்சம் உண்டு. சிகிச்சை அளவு மருந்தில் இதைப் பார்க்க முடியாது, ஏனென்றால் அங்கே பாக்டீரியா செத்துவிடுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை உடைக்கும் மருந்து. உடைப்பு சிறியதாக இருந்தால் உயிரணு தன் அவசரகாலப் பழுதுபார்ப்பு வேலையைத் தொடங்கும். ‘எஸ்.ஓ.எஸ். எதிர்வினை’ என்று பெயர். ரெக்ஏ என்ற புரதம் விழித்து, லெக்ஸ்ஏ என்ற பூட்டைத் திறக்க, நாற்பதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. அவற்றில் சில, தப்பும் தவறுமாக டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிகளை உண்டாக்குபவை. பிழைகள் கூடும், புதிய வகைகள் கூடும். காலரா கிருமியில் எதிர்ப்பு மரபணுக்களைச் சுமந்து செல்லும் ‘எஸ்.எக்ஸ்.டி.’ என்ற நகரும் துண்டு, இதே பூட்டு திறக்கும்போதுதான் பக்கத்து உயிரணுவுக்குத் தாவுகிறது என்று 2004இல் காட்டினார்கள். எதிர்ப்பு மரபணுக்களைச் சரம்போலக் கோத்து வைக்கும் இன்டெக்ரான்களின் நொதியும் இந்தப் பூட்டின் கீழ்தான் இருக்கிறது என்று 2009இல் தெரியவந்தது. சுருக்கமாக, கொல்லாத அளவு மருந்து இருப்பதில் வலுவானதைப் பொறுக்கி எடுப்பதோடு நிற்பதில்லை. புதியதை உண்டாக்கவும் கைமாற்றவும் பாக்டீரியாவை உந்துகிறது.

எங்கிருந்து வருகிறது

மூன்று வாய்கள்: மனிதக் கழிவு, கால்நடை மற்றும் மீன் வளர்ப்பு, மருந்து ஆலை.

மனிதக் கழிவுதான் பரப்பளவில் பெரியது. மக்கள் அதிகம் உட்கொள்ளும் 40 ஆன்டிபயாடிக்குகளை வைத்து 2025இல் வெளியான ஒரு கணிப்பின்படி, உலகம் ஆண்டுக்கு 29,200 டன் சாப்பிடுகிறது, அதில் சுமார் 8,500 டன் ஆறுகளுக்குப் போய்ச் சேர்கிறது. நீர் வற்றிய காலத்தில் 60 லட்சம் கிலோமீட்டர் நீள ஆறுகளில் வரம்பு மீறும் என்கிறது அதே கணிப்பு. இது கணினி மாதிரி. கள அளவீடு வேண்டுமென்றால் 2022இல் வந்த உலக ஆற்று ஆய்வு இருக்கிறது. 104 நாடுகளில் 258 ஆறுகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள். ஏறத்தாழ நான்கில் ஓரிடத்தில் ஏதாவது ஒரு மருந்து, ஆன்டிபயாடிக்கோ வேறு மருந்தோ, கவலைக்குரிய அளவைத் தாண்டியிருந்தது.

எடையில் பெரியது கால்நடை. உலகில் விற்கும் ஆன்டிபயாடிக்கில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாக விலங்குகளுக்குப் போகிறது. நோய்க்காக மட்டுமன்று, வளர்ச்சியைத் தூண்ட தீவனத்தில் கலப்பதும் சேர்த்து. ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பழக்கத்தை 2006இல் தடைசெய்தது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினை முறியடிக்கும் எம்.சி.ஆர்.-1 மரபணு 2015 நவம்பரில் சீனாவில் முதலில் அறிவிக்கப்பட்டது. பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் அது இருந்தது. 2017இல் சீனா கொலிஸ்டினைத் தீவனத்தில் வளர்ச்சித் தூண்டியாகக் கலப்பதை நிறுத்தியது. 2019 ஜூலையில் இந்தியா உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடைசெய்தது.

மூன்றாவது வாயான மருந்து ஆலை, மொத்த எடையில் சிறியது. ஆனால் ஒரே இடத்தில் செறிந்து கொட்டுவது அதுதான். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பட்டான்செருவில் நடந்தது

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் சுமார் 90 மூலமருந்து ஆலைகள் தங்கள் கழிவுநீரை லாரிகளில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. நாளுக்கு 1,500 கன மீட்டர் அளவு. சுத்திகரித்த பிறகு வெளியேறிய நீரை சுவீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. மைக்ரோகிராம் அல்ல, மில்லிகிராம். இதே மருந்தை 500 மில்லிகிராம் சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் உச்சகட்டத்தில் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான் இருக்கும். நாளுக்குச் சுமார் 45 கிலோ மருந்து வெளியேறியது. அந்நாளில் 90 லட்சம் மக்கள் வாழ்ந்த சுவீடன் ஐந்து நாளில் உட்கொண்ட அளவு அது.

முதல் பத்தியின் கணக்கையே இங்கும் போட்டால், அந்த ஒரு நாள் கழிவை வரம்புக்குள் கொண்டுவர 70 கோடி கன மீட்டர் தண்ணீர் தேவை. விநாடிக்கு 8,000 கன மீட்டர் ஓடும் ஆறு. அங்கே இருந்ததோ இசகவாகு, நக்கவாகு என்ற சிற்றோடைகள். அவை மஞ்சீராவில் கலந்து கோதாவரிக்குப் போகின்றன. 2009இல் வந்த தொடர் ஆய்வு, அருகிலிருந்த ஏரி நீரில் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருப்பதைக் கண்டது. சுற்றுவட்டக் கிராமங்களின் கிணறுகளிலும் மருந்து எச்சம் இருந்தது.

நிலையம் இருந்தும் ஏன் இப்படி ஆனது? முதற்காரணம், அது எதை அளக்கக் கட்டப்பட்டது என்பது. கழிவுநீர் விதிகள் பார்ப்பது கரிமச் சுமை, உப்பு, மிதக்கும் துகள், அமில-காரத் தன்மை. கரிமச் சுமையைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருந்தால் தேர்ச்சி. அந்தப் பரிசோதனையின் கண்ணுக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் மருந்து புலப்படவே புலப்படாது. எல்லா விதிகளுக்கும் உட்பட்டு ஓடும் நிலையம்கூட மருந்தை வெளியே விடலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் விபரீதமானது. மருந்து ஆலைக் கழிவில் பாக்டீரியா எளிதில் வளராது. உயிரியல் தொட்டி ‘செத்துப்போகாமல்’ இருக்க வீட்டுச் சாக்கடை நீரைக் கலப்பது பொறியாளர்களிடையே நெடுநாள் வழக்கம். இங்கேயும் அதுவே நடந்தது. ரசாயனப் பொறியியலின் நோக்கில் அது கெட்டிக்காரத்தனம். நுண்ணுயிரியலின் நோக்கிலோ, மனிதக் குடலிலிருந்து வந்த கோடானுகோடி பாக்டீரியாக்களைச் சிகிச்சை அளவையும் தாண்டிய மருந்தில் ஊறவைத்து, காற்று ஊதி, சத்துக் கொடுத்து வளர்ப்பது. எதிர்ப்பை உருவாக்க ஓர் ஆய்வகம் கட்டச் சொன்னால் இதைவிடப் பொருத்தமாக ஒருவர் கட்ட முடியாது. அந்த நிலையத்திலிருந்து எடுத்த 93 பாக்டீரியா ரகங்களை 39 ஆன்டிபயாடிக்குகளில் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். 86 சதவீதம் 20 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்கவில்லை.

எந்த மருந்து எங்கே தங்கும்

எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. உலகில் மிக அதிகம் சாப்பிடப்படும் அமாக்சிசிலினில் 60 முதல் 80 சதவீதம் அப்படியே சிறுநீரில் போகிறது. ஆனால் பென்சிலின் குடும்பத்தின் பீட்டா-லாக்டம் வளையம் தண்ணீரிலேயே உடைந்துவிடக் கூடியது. பாக்டீரியாக்களின் நொதிகளும் அதை உடைக்கும். ஆகவே ஆற்றில் அளந்தால் அது கொஞ்சம்தான் கிடைக்கும்.

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினோலோன்கள் நேர் எதிர். தண்ணீர் அவற்றை உடைப்பதில்லை. வெயில் பட்டால் சிதையும், ஆனால் அதற்கு முன்பே கசடிலும் வண்டலிலும் ஒட்டி இருட்டுக்குள் போய்விடும். சுத்திகரிப்பு நிலையம் ‘80 சதவீதம் நீக்கியது’ என்று அறிக்கை தந்தால், அந்த 80இல் பெரும்பங்கு கசடுக்கு இடம் மாறியது என்று படிக்க வேண்டும். அந்தக் கசடு வயலுக்கு உரமாகப் போனால் மருந்தும் கூடவே போகும். டெட்ராசைக்ளின் கால்சியம், மெக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பற்றிக்கொண்டு மண்ணில் தங்கும். சல்ஃபா மருந்துகள் எதிலும் சரியாக ஒட்டாது. மழைநீரோடு நிலத்தடிக்கு இறங்கும். மேக்ரோலைடுகளில் அசித்ரோமைசின் பெரும்பாலும் பித்தநீர் வழியே மலத்தில் வெளியேறும், உடலிலும் நெடுநாள் தங்கும் மருந்து. சாக்கடையிலும் அதே பிடிவாதம்.

மண்ணும் நீரும் என்ன ஆகின்றன

ஆன்டிபயாடிக்குக்கு நோய்க்கிருமி எது, நல்ல பாக்டீரியா எது என்று தெரியாது. நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியாவும் பாக்டீரியாதான். பல மருந்துகளுக்கு நீர்வாழ் உயிர்களில் முதலில் அடிபடுவது அதுவே. மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவில் பாசியின் வளர்ச்சி தடைபடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை, எளிதில் முடங்குபவை. மருந்து மிகுந்த கழிவு திடீரென்று வந்து விழுந்த நாளில் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேறும் நீரில் அம்மோனியா எகிறுவது இதனால்தான். நிலையத்தை ஓட்டுபவருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கையும் பெரும்பாலும் அதுதான். சாண எரிவாயுக் கலனில் மீத்தேன் விளைச்சல் குறைவதும் இதே கதை.

எதிர்த்திசையிலும் போகலாம். டெட்ராசைக்ளின் கொடுத்த மாடுகளின் சாணத்திலிருந்து அதிக மீத்தேன் வெளியேறியது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. பாக்டீரியா ஒடுங்கினால் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர்களுக்குப் போட்டி குறைகிறது என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். சாண வண்டுகளின் குடல் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறிப்போயிருந்தது.

மரபணு மருந்துக்கு முந்தியது

எதிர்ப்பு மரபணுக்களை மனிதன் உண்டாக்கவில்லை. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டு உறைந்து கிடந்த மண்ணிலிருந்து, பென்சிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்களை 2011இல் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவின் லெச்சுகியா குகையில் சுமார் 40 லட்சம் ஆண்டு வெளியுலகத் தொடர்பற்று இருந்த பாக்டீரியாக்களில் சில 14 மருந்துகளை எதிர்த்தன. ஆன்டிபயாடிக் என்பதே மண்ணில் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று எதிர்கொள்ளப் பயன்படுத்திய பொருள் என்பதால் இதில் வியப்பில்லை.

சிக்கல், அந்த மரபணு மண்ணை விட்டு நோய்க்கிருமிக்குள் குடியேறுவதில் இருக்கிறது. இன்று உலகமெங்கும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் என்ற ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்கச் செய்யும் சி.டி.எக்ஸ்.-எம். மரபணுவின் பூர்வீகம் க்ளூய்வெரா என்ற, யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாத பாக்டீரியா. ஃப்ளூரோகுயினோலோன்களிலிருந்து காக்கும் க்யூ.என்.ஆர்.-ஏ வந்தது ஷீவனெல்லா என்ற நீர்வாழ் பாக்டீரியாவிலிருந்து. அங்கே அது குரோமோசோமில் அசையாமல் இருந்தது. பாக்டீரியாக்களிடையே கைமாறும் சிறு டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட்டில் ஏறிய பிறகுதான் பயணம் தொடங்கியது. ஏறுவது அபூர்வமான விபத்து. ஏறியதைத் தக்கவைத்துப் பெருக்குவதற்குத்தான் மருந்தின் அழுத்தம் தேவை.

மருந்துதான் இதற்கு ஒரே அழுத்தம் என்றும் இல்லை. துத்தநாகம், தாமிரம், கிருமிநாசினிகளில் உள்ள குவாட்டர்னரி அம்மோனியச் சேர்மங்கள் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்கள் பல சமயம் அதே பிளாஸ்மிட்டில் ஆன்டிபயாடிக் எதிர்ப்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். தீவனத்தில் துத்தநாகம் கூடினால் டெட்ராசைக்ளின் எதிர்ப்பும் உடன் பெருகலாம். மருந்தை நிறுத்தியும் எதிர்ப்பு குறையவில்லை என்று பண்ணையாளர் புலம்பும்போது தீவனப் பையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இந்த இடத்தில், பொதுவாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டைப் பிரித்தாக வேண்டும். தண்ணீரில் எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்றால், மருந்து அங்கே அதை வளர்த்தது என்று பொருளாகாது. மலம் கலந்தாலே மரபணுவும் வரும். 2019இல் ஃபின்லாந்து, சுவீடன் ஆய்வாளர்கள் மனித மலத்துக்கே உரிய கிராஸ்ஃபேஜ் என்ற வைரஸை அடையாளமாக வைத்து, உலகின் பல நீர்நிலைத் தரவுகளை ஒப்பிட்டார்கள். பெரும்பாலான இடங்களில் மரபணு அளவு மலக் கலப்போடு சேர்ந்தே ஏறி இறங்கியது. தனியாக எதுவும் வளர்ந்ததற்கான தடயம் இல்லை. தெளிவான விதிவிலக்கு, மருந்து ஆலைக் கழிவு தேங்கிய வண்டல். அங்கே மலக் கலப்பு சொற்பம், மரபணுவோ மலை.

இதன் விளைவு நடைமுறைக்குரியது. ஊர்ச் சாக்கடையால் கெட்ட ஆற்றில் முதல் மருந்து கழிப்பறையும் குழாய்ப் பாதையும் ஒழுங்கான சுத்திகரிப்பும்தான். விலையுயர்ந்த மருந்துநீக்கத் தொழில்நுட்பம் அங்கே இரண்டாம் வேலை. ஆலைக்குக் கீழே உள்ள ஓடையில் வரிசை தலைகீழ். புதுதில்லியில் 2011இல் வெளியான ஆய்வு முதல் வகைக்கு உதாரணம். தெருவில் கசிந்து தேங்கிய நீரில் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்த் தண்ணீரில் 50இல் 2இலும் என்.டி.எம்.-1 மரபணு இருந்தது. மற்றவை பலிக்காதபோது தரும் கார்பபெனெம் மருந்துகளையே முறிப்பது அது. மருத்துவமனைக்கு வெளியே, நடந்து போகும் வழியில் கிடந்தது.

உடல்நலத்துக்கு என்ன

குடிநீரில் ஆன்டிபயாடிக் எச்சம் என்று செய்தி வந்தால், தினமும் மருந்து குடிக்கிறோமோ என்ற பயம் இயல்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம் உள்ள நீரை நாளுக்கு இரண்டு லிட்டர் வீதம் 70 ஆண்டு குடித்தால் உடலுக்குள் போவது மூன்றேகால் மில்லிகிராம். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையின் நூற்றைம்பதில் ஒரு பங்கு. இந்த அளவில் மருந்தாக அது உடலைத் தொட வாய்ப்பு மிகக் குறைவு.

உடலுக்குள் போகும் பாக்டீரியாதான் கவலைக்குரியது. மருந்து உள்ளே போய்க் குறையும். பாக்டீரியா போய்ப் பெருகும். அது உடனே நோய் தராது. குடலில் மற்றவற்றோடு குடியேறி மாதக்கணக்கில் சத்தமின்றி இருக்கும். பிறகு சிறுநீர்த்தொற்று, அறுவை சிகிச்சை, பிறந்த குழந்தையின் ரத்தத்தொற்று என்று ஏதாவது வரும்போது வழக்கமான முதல் மருந்து வேலை செய்யாது. சரியான மருந்தைக் கண்டுபிடிக்கும் அந்த இரண்டு மூன்று நாள் தாமதத்தில்தான் உயிர்கள் போகின்றன. பிரிட்டனில் கடலில் அடிக்கடி அலைச்சறுக்கு விளையாடுபவர்களையும் கடலில் இறங்காதவர்களையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், செஃபலோஸ்போரினுக்கு அடங்காத ஈ.கோலை குடலில் இருக்கும் வாய்ப்பு முன்னவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. விளையாடும்போது அவர்கள் விழுங்கும் கடல்நீர்தான் காரணம் என்று கருதுகிறார்கள்.

2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள்; அதனுடன் தொடர்புடைய மரணங்களையும் சேர்த்தால் 49.5 லட்சம். இதில் சுற்றுச்சூழல் வழியே வந்தது இத்தனை என்று யாராவது துல்லிய எண் சொன்னால் நம்ப வேண்டாம். அதைப் பிரித்து அளக்கும் முறை இன்னும் இல்லை.

எதைச் செய்தால் குறையும்

ஆலையில் மிக மலிவான வேலை, தண்ணீர் ஊற்றும் முன் தூளை எடுப்பது. ஒரு தொகுதி முடிந்ததும் கலனைக் கழுவும்போது முதல் அலசலில்தான் மருந்தின் பெரும்பகுதி வெளியேறும். முதலில் உறிஞ்சு கருவியால் உலர்ந்த தூளை எடுத்துவிட்டு, குறைந்த நீரில் முதல் அலசலைச் செய்து, அதைத் தனியே பிடித்து எரிஉலைக்கு அனுப்பினால், பின்னால் வரும் தண்ணீர் ஏறக்குறைய சாதாரணக் கழிவுநீர். பிசகு நடப்பது, எல்லாக் குழாயையும் ஒரே தொட்டிக்குக் கொண்டுபோவதில். அங்கே போனதும் சில ஆயிரம் லிட்டர் செறிந்த கழிவு சில லட்சம் லிட்டர் நீர்த்த கழிவாகிவிடும், செலவு பலமடங்கு ஏறும்.

பீட்டா-லாக்டம் ஆலைக்கு ஒரு சலுகை உண்டு: காரத்தன்மையை ஏற்றி நேரம் கொடுத்தால் வளையம் உடையும். ஃப்ளூரோகுயினோலோனுக்கு அந்த வழி இல்லை. ஓசோன் அல்லது எரிப்பு. ஆவியாக்கியும் எதிர்ச் சவ்வூடு கருவியும் வைத்து ‘துளி நீரும் வெளியேறாது’ என்று சொல்லும் ஆலைகளிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அடியில் தங்கும் உப்புக் கட்டி எங்கே போகிறது? மருந்து அதில்தான் இருக்கும். திறந்தவெளியில் குவித்தால் அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும்.

நகரச் சாக்கடைக்கு, உயிரியல் சுத்திகரிப்புக்குப் பின் ஓசோன் அல்லது செயலூட்டிய கரி. கரைந்த கரிமக் கார்பன் ஒரு கிராமுக்கு 0.5 முதல் 0.7 கிராம் ஓசோன் போதும். கரித் தூளானால் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம். சுவிட்சர்லாந்து 2016 முதல் தேர்ந்தெடுத்த நிலையங்களில் நுண்மாசுகளை 80 சதவீதம் நீக்கச் சட்டம் வைத்திருக்கிறது. தண்ணீரில் புரோமைடு அதிகம் இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும், அது புற்றுநோய் அபாயமுள்ளது. ஆகவே முன்கூட்டியே சோதிக்க வேண்டும். ஓசோனுக்குப் பின் மணல்வடிப்பான் வைப்பது பாதி உடைந்த துண்டுகளை உயிரியல் முறையில் முடிக்க. குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும், மரபணுவை விட்டுவிடலாம். புற ஊதா ஒளியிலும் உயிரணு செத்துப்போகும் அளவைவிட மரபணு சிதைய அதிக அளவு தேவை. ‘கிருமிநீக்கம் செய்தாயிற்று’ என்பதும் ‘மரபணு போயிற்று’ என்பதும் ஒன்றல்ல.

சாணத்தைச் சூடேற மக்கவைத்தால் டெட்ராசைக்ளின் நன்றாகக் குறையும். குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் பல நாள் நிற்க வேண்டும், புரட்டிப் போட வேண்டும். வெளி ஓரம் ஆறிக் கிடந்தால் அந்த ஓரத்தில் ஒன்றும் நடக்காது. ஃப்ளூரோகுயினோலோன் இதிலும் பிடிவாதம் பிடிக்கும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கழிப்பறையில் போடாமல், திரும்பப் பெறும் ஏற்பாடு இருந்தால் அங்கே தருவது சரி. ஆனால் நிறைகோலை மறக்க வேண்டாம்: வீட்டில் மிஞ்சியதைவிடச் சாப்பிட்டு வெளியேறியதுதான் பலமடங்கு. தேவையில்லாத சளிக் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதாமல் இருப்பதே மலிவான சுத்திகரிப்பு.

அளப்பதில் ஏமாறும் இடங்கள்

மருந்து இல்லை என்ற ஆய்வக அறிக்கையை வாசிக்கும்போது முதலில் தேட வேண்டியது கண்டறியும் எல்லை. அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால், சிப்ரோஃப்ளாக்சசின் வரம்பைப் போல் 15 மடங்கு இருந்தும் அறிக்கையில் ‘இல்லை’ என்றே வரும். அடுத்து மாதிரி எடுத்த விதம். ஆலை தொகுதி தொகுதியாக ஓடும். கலன் கழுவும் இரண்டு மணி நேரத்தில்தான் மருந்து போகும். காலை பத்து மணிக்கு ஒரு குவளை அள்ளினால் அது எதையும் பிடிக்காது. 24 மணி நேரமும் சிறிது சிறிதாகச் சேர்த்த கலவை மாதிரி வேண்டும். வெயிலில் சிதையும் மருந்துகளுக்கு அடர்பழுப்புக் கண்ணாடிக் குப்பி, 4 டிகிரிக் குளிர். நீரில் குளோரின் இருந்தால் தயோசல்ஃபேட் போட்டு அதை அடக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியில் வரும்போதே மருந்து சிதைந்துவிடும். டெட்ராசைக்ளினும் ஃப்ளூரோகுயினோலோனும் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்வதால் அந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். சேர்க்காத மாதிரியில் அளவு குறைவாகத் தெரியும், எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். தண்ணீரை மட்டும் சோதித்து வண்டலை விட்டாலும் அப்படித்தான்.

விதிகள் எங்கே நிற்கின்றன

இந்தியா 2020 ஜனவரியில் மருந்து ஆலைக் கழிவில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு வரம்பு விதிக்கும் வரைவை வெளியிட்டது. அப்படியொரு பட்டியலைச் சட்டமாக்க முனைந்த முதல் பெரிய உற்பத்தி நாடு என்று அப்போது பாராட்டு வந்தது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் ஆலைகளின் கழிவுநீருக்கும் திடக்கழிவுக்கும் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. அது வழிகாட்டுதல்தான், சட்டமாகாது. அதே மாதம் 26ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் தலைவர்கள், 2019இன் 49.5 லட்சம் மரணங்களை அடிப்படையாக வைத்து 2030க்குள் பத்து சதவீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நகரக் கழிவுநீர் உத்தரவு. 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அதன்படி, நுண்மாசு நீக்கும் கூடுதல் கட்டத்தின் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும். அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் போயிருக்கின்றன. அந்த உத்தரவு ஐரோப்பியச் சாக்கடைக்கு மட்டும். அங்கே விற்கும் மாத்திரையின் மூலப்பொருள் வேறொரு கண்டத்தில் தயாராகும்போது அங்குள்ள ஓடையில் என்ன விழுகிறது என்பது அதன் வரம்புக்குள் வராது.